‘ஐ ஹேவ்’ சொல்லாத ஊர்

“சொல்லுங்க ஆயா. ஐ ஹேவ்…” என்று இழுத்து நிறுத்தினார் ஜெசிந்தா மிஸ். மீதியை நான் போட்டு முடிக்கவேண்டும். கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் என் புடவை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தகரக் கொட்டகைக்குள் வெயில் இறங்கியிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அந்த மெஷின் நின்றது. புதுப் பெயிண்டு வாசனையும் கிரீஸ் வாசனையும் தலைக்கு ஏறியது.

“உங்க வூட்ல இன்னா இருக்குதோ அதைச் சொல்லுங்க. ஆடு இருந்தா ஆடு. சாமை இருந்தா சாமை.”

“ஏதோ கீது மிஸ்” என்றேன்.

“அதான் ஆயா, இன்னா கீது?”

“ஏதோ.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு நேர் தங்கை. “அண்ணி இவ்ளோ பேசுனதே பெருசு மிஸ். கண்ணாலம் ஆயி ஒரு அறுப்பு முடிஞ்ச பொறவுதான் எங்க அண்ணன் இவங்க குரலையே கேட்டாரு.”

போன வாரம் இந்தப் பத்திரிகையில் புளி உலுக்கியதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு தங்கை, ‘இவ்வளவு எழுதுகிறீர்கள், நேரில் வாயே திறக்கமாட்டீர்களாமே’ என்று கேட்டிருக்கிறாள். யார் சொல்லி அந்தச் செய்தி மலையை விட்டு இறங்கியது என்று எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் இந்த வாரம். வாய் திறக்காமல் எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவளால் குறுக்கே பேச முடியாது.

தார்ப்பாய்க்குள் இருந்தது

சாமையின் தோலை எடுப்பது லேசான வேலை இல்லை. நெல்லைப் போல இரண்டு குத்துக்கு உரிந்து கொடுக்காது. குத்தவேண்டும், புடைக்கவேண்டும், மறுபடி குத்தவேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழும். அந்த வேலையைச் செய்கிற மெஷினை, வெளிநாட்டில் இருந்து தர்மம் செய்கிற ஒரு சங்கம் எங்கள் மகளிர் குழுவுக்கு அனுப்பிவைத்தது. அறுப்பு முடிந்து களம் காய்ந்திருந்த சமயம்.

வந்தது வந்தபடியே தார்ப்பாய்க்குள் நின்றது. கரண்டு கொடுக்கவில்லை. காரணம், அந்தச் சங்கத்துக்கு இங்கே வேலை பார்த்த ஒரு சார்.

நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. மெஷினுக்குப் போதுமான சாமை ஊரில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வீடு வீடாக வந்தார். “எவ்ளோ சாமை இருக்குது?” என்று கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான். “ஏதோ கீது சார்.”

அவர் சமவெளியில் பிறந்தவர். ‘ஏதோ’ என்றால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். பாவம், இவர்களுக்குச் சாப்பாட்டுக்கே சாமை இல்லை போலிருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டார். மெஷினை இன்னும் மேலே இருக்கிற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு மட்டும் இதில் சந்தேகம். ஒரு தடவை எங்கள் மலைப் பாதையில் காரில் போனவராம். பாதை நெடுகச் சாமை அறுத்த தாள் நிற்கிறதே, விளைந்தது எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார். ‘நானே வருகிறேன், அந்தப் பெண்கள் வாயாலேயே கேட்கிறேன், இரண்டு வார்த்தையானாலும் போதும்’ என்றும் சொல்லிவிட்டார்.

அவருக்கு இங்கிலீஷ். எங்களுக்கு ‘ஏதோ கீது’. நடுவில் பாலம் கட்டத்தான் கீழே ஒடுகத்தூரில் டியூஷன் நடத்துகிற ஜெசிந்தா மிஸ்ஸைச் சார் ஏற்பாடு செய்தார். வளைவுக்கு வளைவு பஸ் திரும்பும்போது மிஸ்ஸுக்குக் குமட்டும். இறங்கும்போது கையில் கசக்கிய எலுமிச்சம்பழத்தோடுதான் இறங்குவார். இங்கிலீஷ் என்றால் எனக்கு இன்றைக்கும் எலுமிச்சை வாசனைதான்.

வாயில் வராத இரண்டு

ஏன் ‘ஏதோ’ என்று கேட்பீர்கள்.

எங்கள் பக்கத்தில் தன்னிடம் இருப்பதைத் தன் வாயால் சொல்வது கிடையாது. ஆடு எத்தனை, மூட்டை எத்தனை என்று சொன்னால் கண் பட்டுவிடும். களத்தில் மரக்காலால் அளக்கும்போதுகூட முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டோம். ‘லாபம்’ என்போம். அப்புறம்தான் இரண்டு. தானியம் வைக்கிற தொம்பையை, அதாவது மூங்கிலில் பின்னி சாணம் மெழுகிய பெரிய கூடையை, அந்நியர் எதிரில் திறக்கமாட்டோம்.

சரி, கண் படக்கூடாது என்றால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே? அதுவும் ஆகாது. ‘இல்லை’ என்றால் இருப்பதும் கோபித்துக்கொண்டு போய்விடும். சோற்றுப் பானை காலியானால் ‘நிறைஞ்சிடுச்சு’ என்றுதான் சொல்லிக் கழுவி வைப்போம்.

ஆக, இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. மிஞ்சுவது ‘ஏதோ கீது’. என் அம்மா ஆயுசு முழுக்க அதைச் சொல்லியே காலத்தை ஓட்டினாள். படவேட்டில் இருந்து புளி வாங்க வருகிற வியாபாரி, “எவ்ளோ தேறும்மா?” என்று கேட்டால், “ஏதோ தேறும்” என்பாள். அவனும் விடமாட்டான். “ஏதோன்னா அரை ஏதோவா, முழு ஏதோவா?” என்பான்.

காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறார்களே, அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்கு நான் கொஞ்ச காலம் நெல்லிக்காய் கொண்டுபோய் விற்றேன். ஒரு வீட்டு அம்மா, வானத்தில் இத்தனை கோடி நட்சத்திரம் இருக்கிறது என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் பதறியது. இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறார்களே, அதுகளுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று. வீட்டுக்கு வந்து வாசலில் நின்று பார்த்தேன். அதது அங்கங்கே இருந்தது.

மாமியாருக்கும் ஆட்டுக்கும்

மிஸ் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். ‘இருக்கிறது’ என்பதற்கு இங்கிலீஷில் அது ஒன்று போதும், அதை மட்டும் பழகினால் வெள்ளைக்கார அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றார்.

எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே ஒரு கூச்சம். நம் பேச்சில் ‘எனக்கு ஆடு இருக்கிறது’ என்றால், ஆடு அது பாட்டுக்கு இருக்கிறது, நான் ஓரமாக நிற்கிறேன். ‘ஐ ஹேவ்’ என்றால் முதலில் நான் முன்னால் வந்து நிற்கவேண்டும். அப்புறம் கையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். அந்த ஐந்து வருஷமும் கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்தவள்.

மிஸ் பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்தார். ஐ ஹேவ், யூ ஹேவ், வீ ஹேவ், தே ஹேவ். நான், நீ, நாங்கள், அவர்கள், எல்லோருக்கும் ஹேவ். அப்புறம் ஹீ ஹேஸ், ஷீ ஹேஸ், இட் ஹேஸ். அவனுக்கும் அவளுக்கும் அதுக்கும் மட்டும் ஹேஸ்.

“அது இன்னாத்துக்கு அவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு?” என்று கேட்டாள் பச்சையம்மா.

“அது அப்படித்தாங்க. இங்கிலீஷ்ல வழக்கம்.”

“ஓ, வழக்கமா? அப்ப சரி” என்றாள். வழக்கம் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஆனால் அவளுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. “எங்க மாமியாரைச் சொல்லணும்னா இன்னா மிஸ் போடறது?”

“ஷீ ஹேஸ்.”

“எங்க ஆட்டைச் சொல்லணும்னா?”

“இட் ஹேஸ்.”

“மாமியாருக்கும் ஆட்டுக்கும் ஒரே ஹேஸா மிஸ்? மருவாதியே இல்லாத பாஷையா இருக்குதே.”

மிஸ் யோசித்தார். இங்கிலீஷில் அதற்கு வேறு வழி இல்லை என்றார். பச்சையம்மா வழி கண்டுபிடித்தாள். “ஷீ ஹேஸ்ங்க.” அதிலிருந்து பெரியவர்கள் எல்லோருக்கும் ‘ஹேஸ்ங்க’ ஆனது. மிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார், ஆனால் திருத்தவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ‘ஐ ஹேவ்’ என்று ஒருத்தி வாயிலும் வரவில்லை. ஜாடையாகப் பார்ப்பார்கள், இருமுவார்கள், இடுப்பில் சொருகிய வெற்றிலையைத் தேடுவார்கள். ‘ஷீ ஹேஸ்’ மட்டும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. தன்னிடம் இருப்பதைச் சொன்னால்தானே கண் படும்? அடுத்தவளிடம் இருப்பதைச் சொன்னால் சொல்கிறவளுக்கு ஒன்றும் ஆகாது.

பச்சையம்மா என்னைக் காட்டி, “ஷீ ஹேஸ் ஆடு. ஷீ ஹேஸ் சாமை. ஷீ ஹேஸ் தொம்பை நிறைய சாமை” என்று அடுக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டே அவளைக் காட்டி, “ஷீ ஹேஸ்” என்றேன். எதை என்று சொல்லவில்லை. வாயை என்று மிஸ்ஸுக்குப் புரிந்தது, சிரித்துவிட்டார்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும் மிஸ் முகம் வாடியிருந்தது. “அந்தம்மா வந்து உங்களுக்குச் சாமை இருக்குதான்னு கேப்பாங்க. ஒருத்தராவது ஐ ஹேவ்னு சொல்லணும். இல்லன்னா மெஷின் போயிடும். நான் பயமுறுத்தல, சார் அப்படித்தான் சொன்னாரு.”

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். யாருக்கும் மெஷினை விட மனசில்லை. யாருக்கும் வாயைத் திறக்கவும் மனசில்லை.

வந்தார், கேட்டார்

வெள்ளைக்கார அம்மாவுக்கு என் வயசு இருக்கும். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. எங்களோடு பாயில் உட்கார்ந்தார். முட்டி மடக்கும்போது அவரும் எங்களைப் போலவே ஒரு முனகல் முனகினார். அது இங்கிலீஷ் முனகலாகத் தெரியவில்லை. எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் பச்சையம்மாவைப் பார்த்துக் கேட்டார். சாமை என்ற சொல் மட்டும் தமிழில் வந்தது. மற்றதை மிஸ் சொன்னார். “உங்களுக்குச் சாமை இருக்குதான்னு கேக்கறாங்க.”

ஊரையே பேசிக் கவிழ்க்கிற பச்சையம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விரல் மட்டும் என் பக்கம் நீண்டது. “ஷீ ஹேஸ்ங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வேர்த்துப்போய் அடுத்தவளைக் காட்டினேன். அவள் அதற்கு அடுத்தவளைக் காட்டினாள். ஷீ ஹேஸ், ஷீ ஹேஸ் என்று கொட்டகை முழுக்க விரல்கள் பறந்தன. அந்த அம்மா தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துவிட்டார். சார் சுவரில் சாய்ந்துகொண்டு, நான்தான் சொன்னேனே என்பது போல நின்றார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை விரலில் ஒரு விரல்கூடக் குப்பம்மா பக்கம் போகவில்லை.

குப்பம்மா கணவனை இழந்தவள், எங்களில் இளையவள். பாறைக்கு மேலே ஒரு துண்டு நிலம்தான் அவளுக்கு. அந்த வருஷம் கதிர் முற்றும் சமயத்தில் காட்டுப் பன்றி புகுந்து பாதிக்கு மேல் உழக்கிவிட்டது. எல்லோருக்கும் தெரியும். ‘ஏதோ கீது’ என்று நாங்கள் சொல்கிற வரைக்கும், எங்களோடு சேர்ந்து அவளும் தலை நிமிர்ந்து ‘ஏதோ கீது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்குள் இருக்கிறவளும் இல்லாதவளும் ஒன்றாகத்தான் இருந்தோம். இப்போது இந்த விரல்கள் அவளைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டன.

வெள்ளைக்கார அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். யாரும் காட்டாத ஒருத்தி இருக்கிறாளே என்று அவளிடமே குனிந்து கேட்டார். “சாமை?”

குப்பம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்வாள்? ‘இருக்கிறது’ என்றால் பாதிப் பொய். ‘இல்லை’ என்றால், அத்தனை பேர் எதிரில், அந்தச் சொல்லை எங்கள் ஊரில் முதல்முதலாகச் சொன்னவள் ஆவாள்.

“வீ ஹேவ்” என்று யாரோ சொன்னார்கள்.

நான்தான். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பச்சையம்மா வாயைப் பிளந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தைரியம் என்று நினைக்காதீர்கள். ‘ஐ’ என்றால் முன்னால் வந்து நிற்கவேண்டும். ‘வீ’ என்றால் கும்பலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். நான் ஒளிந்துகொண்டேன், குப்பம்மாவையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். ஊருக்கே இருக்கிறது என்றால் கண் வந்து யார் மேல் விழும்?

“வீ ஹேவ்” என்றாள் குப்பம்மா. அவள் குரல் என் குரலைவிடக் கணீரென்று இருந்தது. அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். பச்சையம்மா மட்டும் “வீ ஹேவ்ங்க” என்றாள்.

கண்ணுக்குத் தெரியாத பாஷை

அத்தோடு விட்டாரா சார்? “வாயால சொன்னா போதுமா? எவ்ளோன்னு அவங்க பாக்க வேணாமா?” என்று கேட்டார்.

தொம்பையைத் திறந்து காட்ட யாரும் தயாராக இல்லை. பச்சையம்மாதான் எழுந்தாள். மெஷின் மேல் இருந்த தார்ப்பாயை உருவித் தரையில் விரித்தாள். “அவங்கவங்க வூட்டுக்குப் போயி கூடையில அள்ளி, மேல துணி மூடி எடுத்துக்கினு வாங்க. இதுல கொட்டுங்க. யாரு எவ்ளோன்னு யாருக்கும் தெரியத் தேவையில்ல. குவியலு எவ்ளோன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா போதும்.”

போனோம், வந்தோம். துணி மூடிய கூடைகள் வந்துகொண்டே இருந்தன. கொட்டும்போது மற்றவர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். குப்பம்மாவும் பன்றி விட்டுவைத்ததை ஒரு சின்னக் கூடையில் கொண்டுவந்து கொட்டினாள். சாமைக் குவியல் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. வெள்ளைக்கார அம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டு அளைந்தார். சார் தன் சட்டையில் விழுந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

கரண்டு கொடுத்து, குவியல் முழுவதையும் போட்டு மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். உமி ஒரு பக்கம் பறக்க, வெள்ளை வெளேரென்று அரிசி இன்னொரு பக்கம் இறங்கியது. மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று அந்த அம்மா சொன்னதை மிஸ் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஷினைத் தட்டிக் கொடுத்த விதத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது. மிஸ்ஸையும் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகுதான் வம்பு வந்தது.

அரைத்த அரிசி ஒரே குவியலாகக் கிடக்கிறது. யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவரவர் பங்கைத் திரும்ப வாங்கவேண்டுமென்றால் அவரவர் வாயால்தான் சொல்லவேண்டும். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கோழிகள் வேறு வந்துவிட்டன.

“அண்ணி” என்று கிசுகிசுத்தாள் பச்சையம்மா. “இந்தக் கண்ணு பட்றது கீதே, அதுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

நான் யோசித்தேன். “எங்கேருந்துடி தெரியும்? அது நம்ம ஊரு கண்ணுதானே.”

“அப்படிச் சொல்லுங்க.” நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். “ஐ ஹேவ் நாலு கூடை.”

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஐ ஹேவ் மூணு, ஐ ஹேவ் ரெண்டு, ஐ ஹேவ் அஞ்சு என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். “ஏய், யூ ஹேவ் அஞ்சா? ஒங்க வூட்ல அவ்ளோ கூடையே கெடையாதே” என்று ஒருத்தி. “ஷீ ஹேஸ் மூணுதான், நான் பாத்தேன்” என்று இன்னொருத்தி. கொட்டும்போது வேறு பக்கம் பார்த்தவர்களுக்கெல்லாம் எல்லாம் தெரிந்திருந்தது. நானும் சொன்னேன். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன், இது தமிழ்ப் பத்திரிகை.

குப்பம்மா மட்டும் கூடையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சையம்மா அவள் மடியில் இருந்த கூடையை எடுத்தாள். “ஷீ ஹேஸ்” என்று சொல்லிக்கொண்டே அரிசியை அள்ளிப் போட்டாள். கூடை நிறைந்தது. அதற்கு மேலும் கோபுரமாக அள்ளிப் போட்டாள்.

“நான் கொட்னது அவ்ளோ இல்ல…” என்று குப்பம்மா ஆரம்பித்தாள்.

“சும்மா கெடடி. இங்கிலீஷ்ல சொல்லியாச்சு, இனிமே மாத்த முடியாது.”

எல்லோரும் அவரவர் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்தோம். குப்பம்மாவின் துணி கீழே கிடந்தது. நான் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். கூடையை மூடாமலேயே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, தெரு நடுவில் நடந்து போனாள்.